கார் வரும்வரை பேசலாம்

மார்ச் 3, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. எடிட்டிங் வேலை இல்லை, எழுத்து வேலை. தென்னகத் திரைக்கலைச் சங்கம் வருஷா வருஷம் தரும் பொற்சுருள் விருதுகளில் குறும்படத்துக்கும் ஒன்று உண்டு. அந்த விருதின் வரலாற்றை விழா மலருக்காக எழுதித் தரவேண்டும்.

அலுவலகம் ஆற்காடு சாலையில், பல் ஆஸ்பத்திரிக்கு மேலே. வெளியே மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள். அந்தச் சத்தத்தில் கீழே பல் பிடுங்குகிறவர்கள் கத்துவது மேலே கேட்பதில்லை. மேலே பேசுவது கீழே கேட்பதில்லை. இரு தரப்புக்கும் நல்லது.

செயலாளர் துரைக்கண்ணு பழைய தயாரிப்பு நிர்வாகி. எழுபது வயசுக்கு மேல் இருக்கும். மீசைக்கு மட்டும் மை போட்டிருக்கிறார்.

"தம்பி, உண்மைய எழுதுங்க. நல்ல உண்மையா பாத்து எழுதுங்க" என்றார்.

விருதைக் காட்டினார்கள், பிலிம் சுருள் வடிவம். சிறந்த நாயகனுக்குக் கொடுக்கும் சுருள் முழங்கை உயரம். குறும்படத்துக்கு அதே சுருள், பாதி உயரம். படமே சின்னதுதானே என்றார்கள்.

அண்ணியிடம் சொன்னேன். "நல்ல கம்பெனியா?" என்று கேட்டார். கம்பெனி இல்லை, சங்கம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனும் ஒரு சங்கத்தில்தான் இருந்தான். லைட்மேன்கள் சங்கம். செத்த அன்று ஒரு பூமாலை வாங்கி வந்து போட்டார்கள்.

மார்ச் 5, புதன்

தண்ணி லாரி இன்றும் வரவில்லை. குளிக்காமல் போனேன். அலுவலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விருது எப்படிப் பிறந்தது என்று துரைக்கண்ணுவைக் கேட்டேன். பழைய மலர்களில் எல்லாம் "இளம் திறமைகளை ஊக்குவிக்கும் உயரிய நோக்கில்" என்று இருக்கிறது. அவர் சிரித்தார்.

"எழுபத்தொம்போதுல முதல் விழா. அப்ப இருந்த பெரிய நடிகர் வரல. கூட்டம் நாற்காலிய தூக்கி வீசுது. அப்ப சங்கத் தலைவர் மாசிலாமணி முதலாளி. என்னக் கூப்பிட்டு, 'டேய் துரை, எவனையாவது மேடையேத்துடா'ன்னார். குடும்பக் கட்டுப்பாடு பத்தி ஒரு சின்னப் படம் எடுத்தவரு முன்வரிசைல ஓசி பாஸ்ல வந்து உக்காந்திருந்தாரு. தள்ளி விட்டேன். பாட்டுப் புத்தகம் அச்சடிக்கிற பிரஸ்காரருக்குன்னு ஒரு சின்னக் கோப்பை வச்சிருந்தோம். அத எடுத்துக் குடுத்தாச்சு. கார் வர்ற வரைக்கும் பேசுய்யான்னு சொன்னோம். பேசினாரு. கூட்டம் அமைதியாயிடுச்சு."

"என்ன பேசினார்?"

"யாருக்குத் தெரியும்? நாங்கல்லாம் வாசல்ல காரப் பாத்துக்கிட்டிருந்தோம்."

பிறகு, "இத எழுதாதீங்க" என்றார். எழுதினேன். பார்ப்போம்.

மார்ச் 8, சனி

பழைய விழாக்களின் வீடியோ கேசட்டுகளை யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு விஷயம் பிடிபட்டது.

குறும்பட விருது எப்போதும் உச்ச நடிகர் வருவதற்குச் சற்று முன்னால்தான். விருது வாங்கியவர் மைக் முன்னால் வருவார். "இந்தப் படத்தை எடுத்தபோது" என்று ஆரம்பிப்பார். வாசலில் செண்டை மேளம் தொடங்கும். கார் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அவர் வாய் அசைவது மட்டும் தெரியும். ஒரு பெண் வந்து பாதிச் சுருளோடு அவரை இறக்கிக் கூட்டிப்போவாள்.

எண்பதுகளில் நாதஸ்வரம். தொண்ணூறுகளில் பேண்டு வாத்தியம். இப்போது செண்டை. இதுதான் இந்த விருதின் வரலாறு. வேறு வரலாறு இல்லை. பேச்சு எவ்வளவு நேரம் என்பதை சென்னைப் போக்குவரத்து முடிவு செய்திருக்கிறது. மேம்பாலம் கட்டிய பிறகு பேச்சுகள் சுருங்கிவிட்டன.

ஒருவர் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார். ஒருவர் கல் குவாரி. ஒரு பெண் கொத்தடிமைகளைப் பற்றி. அத்தனை பேரும் பாதி வாக்கியத்தில் நிற்கிறார்கள். ஒருவர்கூட வாக்கியத்தை முடித்ததில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. வழக்கமாக வரும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று எண்பத்தாறாம் வருஷத்துக் கதை. பரிசு வாங்கிய படம் இரண்டு ரீல். நடுவர்களுக்குப் போட்டுக் காட்டியவர் இரண்டாம் ரீலை முதலில் ஓட்டிவிட்டார். முதலில் ஒரு பெண்ணைப் புதைக்கிறார்கள், பிறகு அவள் களை பறிக்கிறாள். நடுவர்கள் "காலத்தைக் கலைத்துப் போட்ட துணிச்சல்" என்று எழுதி ஏகமனதாகப் பரிசு கொடுத்துவிட்டார்கள். இயக்குநர் திருத்தவில்லை. அதற்கப்புறம் அவர் எடுத்த படங்கள் எல்லாமே பின்னாலிருந்துதான் தொடங்கின. ஒன்றும் ஓடவில்லை.

இதையும் எழுதிக் கொடுத்தேன். துரைக்கண்ணு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல யாருக்கு என்ன லாபம் தம்பி?"

எடுத்துவிட்டேன். மொத்தத்தில் அந்தப் பத்தி கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

வரலாற்றில் ஒருவர் மட்டும் பதினேழு நிமிடம் பேசியிருக்கிறார். தொண்ணூற்று நாலு. அன்று பேய் மழை, நடிகரின் கார் சைதாப்பேட்டையில் மாட்டிக்கொண்டது. எல்லா மலர்களிலும் அதை "மழை உரை" என்று போற்றியிருக்கிறார்கள். கேசட் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. பேசியவர் கோமதிநாயகம், இப்போது சீரியல் இயக்குகிறார். விருகம்பாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீட்டில் பிடித்தேன். மாமியார் தீ வைக்கும் காட்சி.

"என்ன சார் பேசினீங்க அன்னிக்கு?"

"நன்றி சொன்னேன்."

"அப்புறம்?"

"நன்றி மட்டும்தான் சொன்னேன். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்னு நெனச்சேன். மேளம் வரல. துரைக்கண்ணு சைடுல நின்னு, நிறுத்தாதே நிறுத்தாதேன்னு கைய காட்றான். சரின்னு கேமரா அசிஸ்டென்டுக்கு நன்றி, டீக்கடைக்காரருக்கு நன்றி, எங்க ஊரு பஸ் கண்டக்டருக்கு நன்றி. கடைசில மழைக்கே நன்றி சொன்னேன். அதான் மழை உரை."

"உங்க படம் சாயப்பட்டறைத் தண்ணி குடிச்சுச் செத்தவங்கள பத்தினது. அதச் சொல்லலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதிர்ல ஆயிரம் பேரு. முன்வரிசைல எல்லாரும் அடுத்த படத்துக்கு ஆள் எடுக்கறவன். நீ மேடையில நின்னு பாரு, அப்புறம் வந்து கேளு" என்றார். பிறகு, "ஏம்மா, தீப்பெட்டி எங்க?" என்று கத்தினார்.

கோழை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மலரில் "வரலாற்றுச் சிறப்புமிக்க உரை" என்று போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

பைப்படியில் சண்டை. எதிர்வீட்டு பவானி, அண்ணியின் குடத்தை நகர்த்தி வைத்திருக்கிறாள். அண்ணி கேட்டிருக்கிறார். "குடிகாரன் பொண்டாட்டிக்கு வாயப் பாரு" என்று பதில் வந்திருக்கிறது.

அண்ணி அதை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினார்.

பவானியின் புருஷன் கஜேந்திரன். அவரும் லைட்மேன், அண்ணனோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். அண்ணன் செத்த அன்று அதே ஷூட்டிங் ஃப்ளோரில் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டால், "நான் டீ குடிக்கப் போயிருந்தேன்பா" என்பார். போன வருஷத்திலிருந்து அந்த ஒரு டீயைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் அதே கம்பெனியில் வேலை ஓடுகிறது.

மார்ச் 20, வியாழன்

துரைக்கண்ணு கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் இறுதிச் சுற்றுக்கு வந்த குறும்படங்களின் பட்டியல் இருந்தது.

"'அந்தரத்தில் ஓர் ஆள்'. இயக்கம் தணிகைவேல். நீங்களா?"

ஆமாம் என்றேன். இந்த வேலை கிடைப்பதற்கு முன்பே அனுப்பியிருந்தேன். மறைக்கவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

படம் பன்னிரண்டு நிமிடம். ஸ்டுடியோ ஃப்ளோரின் கூரைக்குக் கீழே பலகைகள் கட்டித் தொங்கவிட்ட பரணில் ஒரு லைட்மேன் இருக்கிறான். கீழே ஹீரோ வரவில்லை. வெளிச்சம் வைத்தாகிவிட்டது, லைட்டை யாரும் அசைக்கக்கூடாது, அதனால் அவனும் இறங்கக்கூடாது. அவ்வளவுதான் படம். தயாரிப்பாளர் பெயர் ஒன்று வேண்டுமே என்று குணசுந்தரி என்று போட்டிருந்தேன். அண்ணியின் பெயர்.

"நடுவருங்க ரொம்ப ரசிச்சிருக்காங்க" என்றார் துரைக்கண்ணு. "மனிதனின் நித்தியக் காத்திருப்புன்னு எழுதியிருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் நாப்பது வருஷம் தயாரிப்பு பாத்தவன். இது ரணதீரன் சார் படத்துல போன வருஷம் விழுந்த பையன் கதை. ஏகாம்பரம்."

"பையன் இல்ல சார். முப்பத்தெட்டு வயசு."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"என் அண்ணன்."

அவர் ஜன்னலை மூடினார். மெட்ரோ சத்தம் குறைந்தது. அதுவரை அந்த ஜன்னலை மூட முடியும் என்றே எனக்குத் தெரியாது.

"போதைல விழுந்தாருன்னு சொன்னாங்க" என்றார்.

"சொன்னாங்க" என்றேன்.

"இந்த வருஷம் ரணதீரன் சாருக்கு நாற்பதாண்டு சாதனையாளர் விருது. தெரியுமில்ல?"

தெரியும். அட்டைப்படத்தில் அவர்தான்.

மார்ச் 21, வெள்ளி

சாம்பார். முட்டை விலை ஏறிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

விருது எனக்குத்தான். துரைக்கண்ணு ரகசியமாகச் சொன்னார். நடுவர்கள் ஏகமனதாம். மாற்றினால் கேள்வி கேட்பார்கள், அதனால் மாற்றவில்லையாம். நேர்மையான மனிதர், காரணத்தையும் சொல்லிவிட்டார்.

காபி வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, நன்றி சொல்லிட்டு எறங்கிடுங்க. ரணதீரன் சார் கம்பெனில அடுத்த படத்துக்கு அசோசியேட் எடிட்டர் தேடுறாங்க. உங்க பேரச் சொல்லியிருக்கேன். அண்ணன் விஷயம் வேற, உங்க வாழ்க்கை வேற."

"அண்ணன் குடிக்கலன்னு மட்டும் சொன்னா?"

"சொல்லுங்க. மேளம் வந்துரும், யாருக்கும் கேக்காது. எதுக்கு வீணா?"

யோசிக்கிறேன் என்றேன். காபி நன்றாக இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

அண்ணியிடம் விருது கிடைத்ததை மட்டும் சொன்னேன். சுவரில் மாட்டியிருக்கும் அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை, அழவில்லை.

"மேடையில பேச விடுவாங்களா?"

"கொஞ்ச நேரம்."

"அவரு குடிக்கலன்னு சொல்லிடு தணிகை. வேற ஒண்ணும் வேணாம். பவானிக்கு டிவியில கேக்கணும்."

சொல்கிறேன் என்றேன். என் திட்டம் எளிமையானது. மற்றவர்களைப் போல "இந்தப் படத்தை எடுத்தபோது" என்று தொடங்கி நேரத்தை வீணாக்கக்கூடாது. மைக்கைப் பிடித்ததும் முதல் வாக்கியமே அதுதான்: என் அண்ணன் ஏகாம்பரம் குடிக்கவில்லை, தூங்கிவிட்டான். மேளம் ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும். இந்த விருதின் வரலாற்றில் முதல் முழு வாக்கியம்.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

மார்ச் 27, வியாழன்

வரலாறு அச்சுக்குப் போய்விட்டது. கடைசியாகப் படித்துப் பார்த்தேன். நாற்காலி வீசியது இல்லை. பிரஸ்காரர் கோப்பை இல்லை. நாதஸ்வரம், பேண்டு, செண்டை மூன்றும் இல்லை. "இளம் திறமைகளை ஊக்குவிக்கும் உயரிய நோக்கில்" என்று தொடங்குகிறது. அந்த வரி நான் எழுதியதுதான். யாரும் சொல்லவில்லை. மற்ற வரிகளை எடுத்த பிறகு தொடக்கம் மொட்டையாக இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

ரணதீரன் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். என் எடிட்டிங் சாம்பிள் வேண்டுமாம். அனுப்பினேன். அனுப்புவதால் ஒன்றும் ஆகிவிடாது.

அண்ணி புடவைக்கு ஃபால்ஸ் தைத்தார். தயாரிப்பாளர் என்பதால் அவரையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று பாஸில் இருக்கிறது. "நான் எதுக்கு? சும்மா நிக்கணுமா?" என்றார். சும்மா நின்றால் போதும் என்றேன்.

ஏப்ரல் 5, சனி

விழா நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த விருதின் வரலாற்றில் ஒருமுறையும் நடக்காதது நடந்தது. உச்ச நடிகர் சீக்கிரம் வந்துவிட்டார். ரணதீரனுக்கு ஹைதராபாத் விமானம் பிடிக்கவேண்டுமாம். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. மேளக்காரர்கள் வேட்டியைச் சரியாகக் கட்டுவதற்குள் கார் உள்ளே வந்துவிட்டது. அவசர அவசரமாக அடித்தார்கள். துரைக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் காத்திருந்து பழகியவருக்கு, காத்திருக்க வேண்டாம் என்றதும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நிகழ்ச்சி வரிசை தலைகீழானது. சாதனையாளர் விருது முதலில். ரணதீரன் வாங்கினார், உழைப்பைப் பற்றிப் பேசினார். போகலாம் என்று எழுந்தவரை டிவிக்காரர்கள் கெஞ்சி, இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள், கைதட்டுகிற மாதிரி நாலு ஷாட் வேண்டும் என்றார்கள். அடுத்து யாரை ஏற்றுவது? மற்ற நடிகர்கள் யாரும் வரவில்லை. அவர்கள் ரணதீரன் வரும் நேரத்தைக் கணக்குப் போட்டுத்தானே வருவார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரே விருதாளன் நான்.

கூப்பிட்டார்கள். அண்ணியும் நானும் ஏறினோம். சுருளைக் கொடுக்க ரணதீரனையே ஏற்றிவிட்டார்கள். நல்ல வாசனை.

"எந்த ஊரு தம்பி?"

"சாலிகிராமம் சார்."

"அட, நம்ம ஏரியா. நல்லா பண்ணுங்க."

அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணியும் கும்பிட்டார். பிறகு இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மைக் முன்னால் நின்றேன். என் வாக்கியம் தயாராக இருந்தது. முதலில் ஒரு வணக்கம் சொல்வதுதானே முறை, சொன்னேன். சங்கத்துக்கு நன்றி. நடுவர்களுக்கு நன்றி. துரைக்கண்ணு சாருக்கு நன்றி. மேளம் வரும் என்று பார்த்தேன். மேளம் இருந்தால் அவசரம் இருக்கும், அவசரம் இருந்தால் சொல்லியிருப்பேன். மேளம் வரவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ரணதீரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் பார்த்தார். கேமராமேனுக்கு நன்றி. ஸ்டுடியோ வாட்ச்மேனுக்கு நன்றி. ரணதீரன் சார் கையால் வாங்கியதற்கு நன்றி.

அண்ணி என் முழங்கையைத் தொட்டு, பஸ்ஸில் வழி கேட்பதுபோல, "கொஞ்சம் தள்ளு" என்றார்.

தள்ளினேன்.

"வணக்கம். இந்தப் படத்துல மேல உக்காந்திருக்கிற ஆளு என் வீட்டுக்காரர். பேரு ஏகாம்பரம். லைட்மேன். இவரு படத்துலதான் விழுந்து செத்துப்போனாரு." முன்வரிசையைக் கை காட்டினார். "குடிச்சிருந்தாருன்னு சொன்னாங்க. குடிக்கல. முந்தின நாள் காலைல மேல ஏறுனவரு. ஹீரோ வரல, லைட்டு மாறக்கூடாது, எறங்காதேன்னாங்க. சாயங்காலம் வருவாருன்னாங்க. அப்புறம் மறுநாள் காலைல வருவாருன்னாங்க. அவரும் மேலயே இருந்தாரு. தூங்கிட்டாரு. இவரு வர்றதுக்காக காத்துக்கிட்டிருந்து தூங்கிட்டாரு. அவ்ளோதான் நான் சொல்லணும்."

மேடை ஓரத்தில் துரைக்கண்ணு இரண்டு கையையும் வீசி மேளத்தை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் மேளக்காரர்கள் இல்லை. நடிகர் வந்தாகிவிட்டது, தங்கள் வேலை முடிந்தது என்று பின்பக்கம் பிரியாணி சாப்பிடப் போயிருந்தார்கள். நியாயம்தான்.

ரணதீரன் முகத்தில் கேமரா இருந்தது. முதலில் புன்னகை அப்படியே இருந்தது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். நிறைய நேரம் தட்டினார்கள்.

ஆட்டோவில் அண்ணி, "சத்தமா பேசிட்டனா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"சொல்லத்தான் போனேன் அண்ணி. அதுக்குள்ள நீங்க..."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். போரூர் சிக்னல் வரை நான் பாதிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அளவில் பாதி என்றாலும் கனம்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

துரைக்கண்ணுவுக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உடம்பு எப்படி இருக்கு தம்பி? அந்த அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்ல, பாவம். டெலிகாஸ்ட்ல பாத்துக்கலாம்" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

ரணதீரன் கம்பெனி. வேலை உறுதியாம். பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறார்கள். சார் பெரிய மனசு பண்ணியிருக்கிறார் என்று சொன்னார்கள்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்படி நேரம் அமையவில்லை. வீடு ஒரே அறைதான், இருந்தாலும் அமையவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள் சிறப்பு நிகழ்ச்சியாக விழாவை ஒளிபரப்பினார்கள். அண்ணி டிவியில் வரப்போகிறார் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. பத்துப் பதினைந்து பெண்கள் அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பவானியும் வந்தாள், பார்க்காமல் இருக்க முடியுமா? கஜேந்திரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார். அண்ணி எல்லோருக்கும் பானகம் கொடுத்தார். அன்று கட்டிய அதே புடவை.

பாயசம் விளம்பரம், நகை விளம்பரம், ரணதீரன், மறுபடி நகை விளம்பரம். பிறகு நான் வந்தேன். "தணிகை, தணிகை" என்று கத்தினார்கள்.

டிவியில் நான் நன்றி சொன்னேன். சங்கத்துக்கு, நடுவர்களுக்கு, வாட்ச்மேனுக்கு. அண்ணி பின்னால் பூங்கொத்து மாதிரி நின்றார். "ரணதீரன் சார் கையால் வாங்கியதற்கு நன்றி" என்றேன். உடனே ரணதீரன் கைதட்டினார். அரங்கம் முழுக்கத் தட்டியது. நிறைய நேரம் தட்டினார்கள். அடுத்தது சிறந்த நகைச்சுவை நடிகர்.

நான் எடிட்டர். எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சுத்தமான வேலை. கைதட்டல் எதற்கு விழுந்ததோ அதை எடுத்துவிட்டு, கைதட்டலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் இப்படித்தான் வெட்டியிருப்பேன்.

"அவ்ளோதானா?" என்றாள் ஒருத்தி.

"பேசினேன்னு சொன்னியே குணா?" என்றாள் பவானி. "எங்க பேசின? தம்பிதான் பேசிச்சு. அவருக்கே நன்றி சொல்லிச்சு!" இரண்டு பேர் சிரித்தார்கள். எழுந்து போக முந்தானையைத் தட்டினார்கள்.

அண்ணி டிவியை அணைத்தார். அதன் முன்னாலேயே நின்றார்.

"உக்காருங்க. பேசினதச் சொல்றேன்."

சொன்னார். மேடையில் சொன்னதைவிட நிறைய. பரணில் ஏறிய அன்று காலை அண்ணன் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டுப் போனதை. மறுநாள் மதியம் மேலிருந்தபடியே போனில், "கண்ணு எரியுதுடி, எறங்க விட மாட்டேங்கிறான்" என்று சொன்னதை. விழுந்ததற்கு அப்புறம்தான் ஹீரோவின் கார் உள்ளே வந்தது என்பதை. பிணத்தை முன்வாசல் வழியாக எடுத்தால் ஹீரோ பார்ப்பார் என்று பின்வாசலுக்குச் சுற்றிக் கொண்டுபோனதை. இந்தக் கடைசி விஷயம் எனக்கும் தெரியாது. குரலை உயர்த்தவில்லை.

முடித்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"கஜா அண்ணே, நீங்க அங்கதான இருந்தீங்க. அவரு குடிச்சிருந்தாரா?"

பவானி புருஷனைப் பார்த்தாள். கஜேந்திரன் அவளைப் பார்க்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ குடிக்கப் போயிருந்தேன் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குடிக்கலம்மா. தூங்கிட்டான். கீழேருந்து ரெண்டு தடவ கூப்பிட்டேன். ஏகா, ஏகான்னு. மூணாவது தடவ கூப்பிடறதுக்குள்ள..." கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். "குடிச்சிருந்தான்னு சொல்லு, இல்லன்னா நாளைலேருந்து வராதேன்னாங்க. சொன்னேன்."

பவானி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. ஒவ்வொருத்தியாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தியின் தம்பி ஜெனரேட்டர் வண்டியில் கை போனவன். ஒருத்தியின் மாமனார் செட் மேல் ஏறிச் சரிந்தவர். எல்லாரையும் குடித்திருந்ததாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நாளை செவ்வாய்க்கிழமை. அறையில் எல்லாரும் பேசிவிட்டார்கள். பேசாதவன் நான் ஒருவன்தான்.